பதக்கப் பட்டியலிலிருந்து இறங்கிய படகு: மும்பையில் எண்டர்பிரைஸ் வகுப்புக்கு மறுவாழ்வு உண்டா?

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் டெல்லியில் நடந்தபோது, கடல் இல்லாத தலைநகரால் நடத்த முடியாத பாய்மரப் படகுப் போட்டிகள் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. ஃபயர்பால் என்னும் இருவர் படகில் ஃபரூக் தாராப்பூரும் ஜரீர் கரஞ்சியாவும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள். அதே நீரில், எண்டர்பிரைஸ் என்னும் மற்றோர் இருவர் படகில், கராச்சியைச் சேர்ந்த பைராம் ஆவாரியும் அவர் மனைவி கோஷ்பி ஆவாரியும் தங்கம் வென்றார்கள். ஆசியப் போட்டிகளில் தங்கம் பெற்ற முதல் பாகிஸ்தான் பெண் என்ற பெயர் கோஷ்பிக்கு அப்போதுதான் கிடைத்தது. கணவனும் மனைவியுமாக ஒரே படகில் ஏறி, ஆண்கள் இருவர் ஓட்டிய படகுகளையும் முந்திக்கொண்டு வந்து தங்கம் வாங்க இடம்கொடுத்த படகு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எண்டர்பிரைஸைப் பற்றிய மற்ற செய்திகள் எளிதில் விளங்கும்.

இன்று கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நின்று பார்ப்பவருக்கு எலிஃபெண்டாவுக்கும் மாண்ட்வாவுக்கும் போகும் விசைப்படகுகளும், நங்கூரமிட்டுக் கிடக்கும் சொகுசுப் படகுகளும், ராயல் பாம்பே யாட் கிளப்பின் பழைய சீபேர்டு மரப்படகுகளும், கொலாபாப் பக்கத்திலிருந்து பயிற்சிக்கு வரும் ஒற்றையாள் படகுகளும் கண்ணில் படலாம். எண்டர்பிரைஸின் நீலப் பாய் கண்ணில் படுவது அரிது. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்ற பேச்சு படகோட்டிகள் கூடும் இடங்களில் அவ்வப்போது எழுகிறது. எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடுகிறது. படகு நல்ல படகுதான். ஆனால் இந்தியாவில் அதை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பதக்கத்துக்காக ஓட்டினார்கள். பதக்கம் வேறு படகுகளுக்குப் போனதும் ஆட்களும் போய்விட்டார்கள். ஆகையால் பதக்கத்தைச் சாராத ஒரு காரணத்தை இந்த வகுப்புக்குத் தேடிக்கொடுக்காமல், ஒதுங்கிக் கிடக்கும் படகுகளுக்கு வண்ணம் அடித்துத் தண்ணீரில் இறக்குவதால் மட்டும் பயனிராது என்பது என் கருத்து.

முதலில் படகு வகுப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்மரப் படகுப் பந்தயம் பெரும்பாலும் பணக்காரர்களின் போட்டியாக இருந்தது. சென்ற ஆண்டு தோற்றவர் இந்த ஆண்டு இன்னும் வேகமான படகைக் கட்டிக்கொண்டு வருவார், அடுத்த ஆண்டு மற்றவர் அதைவிட வேகமானதைக் கட்டுவார். 1887இல் அயர்லாந்தின் டப்ளின் அருகே தாமஸ் மிடில்டன் என்பவர் இந்தச் செலவுப் போட்டிக்கு ஒரு மாற்றை முன்வைத்தார். எல்லாரும் ஒரே வரைபடத்தின்படி, ஒரே நீள அகலத்தில், ஒரே அளவுப் பாயுடன் படகு கட்டிக்கொள்ள வேண்டும். வெற்றி தோல்வியை ஓட்டுகிறவரின் திறமை தீர்மானிக்கட்டும் என்றார். அப்படிப் பிறந்த வாட்டர் வேக் என்னும் சிறுபடகு வகுப்பே ஒரே வடிவப் பந்தயப் படகுகளுக்கு முன்னோடி எனப்படுகிறது. இன்று லேசர் என்றும் இல்கா என்றும் அழைக்கப்படும் ஒற்றையாள் படகிலிருந்து குழந்தைகளின் ஆப்டிமிஸ்ட் வரை எல்லாம் இந்த ஏற்பாட்டின் வழிவந்தவையே. எனவே வகுப்பு என்று நாம் சொல்லுவதில் மரமும் பாயும் ஒரு பகுதிதான். ஒரு விதிப்புத்தகம், அதன்படி அளந்து சான்று கொடுக்கும் ஓர் ஆள், அந்த அளவில் படகு கட்டித் தரும் ஒரு பட்டறை, தொடக்கக் கோட்டில் வந்து நிற்கப் போதுமான படகுகள் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் வகுப்பு இருக்கிறது என்று பொருள். இவற்றில் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் சில ஆண்டுகளில் தாமாகவே போய்விடும்.

எண்டர்பிரைஸ் 1956இல் இங்கிலாந்தில் பிறந்தது. வரைந்தவர் ஜாக் ஹோல்ட். பொருளுதவி தந்தது நியூஸ் கிரானிக்கிள் என்னும் செய்தித்தாள். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில், சாதாரணச் சம்பளக்காரர் தம் வீட்டுக் கொல்லையில் பிளைவுட்டை அறுத்து ஒட்டித் தாமே ஒரு படகு கட்டிக்கொள்ள முடியும் என்பதைக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஹோல்ட். கேடட், ஜிபி 14, சோலோ, பின்னாளில் மிரர் என்று அவர் பெயர் சொல்லும் படகுகளின் வரிசை நீண்டது. எண்டர்பிரைஸை விளம்பரப்படுத்த 1956 ஜனவரிக் குளிரில் இரண்டு படகுகளை இரவோடு இரவாக ஆங்கிலக் கால்வாயைக் கடக்கச் செய்தார்கள். நாலு மீட்டர் நீளமுள்ள திறந்த படகில் அந்தக் கடலை அந்த மாதத்தில் கடப்பது எனக்கு இன்றும் வீம்பாகத்தான் தோன்றுகிறது. ஆனால் செய்தித்தாளின் நோக்கம் நிறைவேறியது, படகு பரவியது. செய்தித்தாளோ 1960இல் மூடப்பட்டது.

படகின் அளவுகள் இவை. நீளம் 4.04 மீட்டர், அடிக்கூட்டின் எடை 94 கிலோ. முன்பாய், பெரும்பாய் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10.5 சதுர மீட்டர். அடிப்பகுதி வளைவாக உருட்டப்படாமல், தட்டையான பலகைகளை இரண்டு மடிப்புகளில் சேர்த்து அமைக்கப்பட்டிருப்பதால், வளைக்கும் வேலை தெரியாத தச்சரும் வரைபடத்தைப் பார்த்துக் கட்டிவிட முடியும். காற்று பின்னாலிருந்து வரும்போது விரிக்கும் ஸ்பின்னேக்கர் பாய் இதில் கிடையாது. படகுக்கு வெளியே கம்பியில் தொங்கிச் சமன் செய்யும் டிராபீஸும் கிடையாது. பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரும்பாயையும் பார்த்துக்கொள்கிறார், முன்னால் இருப்பவர் முன்பாயையும், படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நடுவிலிருந்து நீருக்குள் இறக்கும் சென்டர்போர்டு என்னும் பலகையையும் பார்த்துக்கொள்கிறார், காற்று ஏறினால் இருவரும் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்க்கிறார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒப்பிட்டுப் பார்க்க, லேசர் 4.2 மீட்டர் நீளமும் 59 கிலோ எடையும் 7 சதுர மீட்டர் பாயும் கொண்டது. நீளத்தில் லேசரைவிடச் சற்றே குறைந்த எண்டர்பிரைஸ் ஒன்றரை மடங்கு பாயைச் சுமக்கிறது. அதனால் மெல்லிய காற்றிலும் அது நகரும்; ஏரிகளிலும் ஆறுகளிலும் அதற்கு நல்ல பெயர் கிடைத்ததற்கு இதுவே காரணம். இதன் மறுபக்கமும் உண்டு. பலத்த காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடும்போது படகு இடமும் வலமுமாக உருளத் தொடங்கும். அந்த நேரத்தில் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும்போது சற்றுத் தாமதித்தால் இருவரும் தண்ணீரில் இருப்பார்கள். பழைய மரப்படகு கவிழ்ந்து நிமிர்ந்தால் உள்ளே விளிம்பு வரை நீர் நிற்கும், இறைத்து இறைத்துக் கை ஓய்ந்துவிடும். பிற்கால ஃபைபர் படகுகளில் இரட்டைத் தளம் வைத்து நீர் தானாக வடியும்படி செய்துவிட்டார்கள்.

இந்தியாவில் இந்தப் படகை வளர்த்தது கடலைவிட ஏரிகள்தாம், அதிலும் ராணுவத்தின் ஏரிகள். பொறியாளர் படைப்பிரிவுகளுக்குப் பாலம் கட்டவும் ஆறு கடக்கவும் பழக நீர்நிலை வேண்டும். நீர்நிலை இருந்த இடத்தில் படகுக் கிளப்பும் வந்தது. புனே, பெங்களூரு என்று அந்த வரிசை போகிறது. பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போய்ச் சேர்ந்த இடம் அது, ராணுவ வட்டாரத்தில் அவர்களுக்கு இன்றும் 'தம்பி' என்றுதான் பெயர். அவர்களுடைய படகுக் கிளப்புக்குத் திரிஷ்ணா என்று பெயர். 1985 செப்டம்பரில் மும்பையிலிருந்து புறப்பட்டு 1987 ஜனவரியில் திரும்பிய, உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியப் பாய்மரப் படகின் பெயரும் அதுவே. கடலையே பார்த்திராத ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் அல்சூரிலும் புனே அருகேயுள்ள கடக்வாஸ்லா ஏரியிலும் பாய் பிடிக்கப் பழகி, பிறகு மும்பைக்கு மாற்றலாகி வந்தார்கள். மும்பைத் துறைமுகத்தின் பாய்மரப் படகுகளில் தமிழ் கேட்கத் தொடங்கியது பெருமளவு இந்த வழியாகத்தான்; மாட்டுங்காவிலும் தாராவியிலும் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்களில் படகேறியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆசியப் போட்டிகளில் எண்டர்பிரைஸ் இடம்பெற்றிருந்த காலம் வரை இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. நம் பகுதி நாடுகள் அந்தப் படகில் உண்மையாகவே வலுவாக இருந்தன. பைராம் ஆவாரி 1978லேயே முனீர் சாதிக்குடன் சேர்ந்து ஒரு தங்கம் வாங்கியிருந்தார். பின்னாளில் இதே வகுப்பில் தங்கம் வென்ற முகமது ஜகாவுல்லா 2014இல் பாகிஸ்தானின் கடற்படைத் தளபதியாகவே ஆனார். இந்தியாவில் ஹோமி மோதிவாலா, பி.கே. கார்க் என்னும் கடற்படை இணைக்கு 1993–94ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா விருது கிடைத்தது. இருவராகச் சேர்ந்து படகு ஓட்டுவதற்கு நாடு கொடுத்த உச்ச மரியாதை என்று அதைச் சொல்லலாம்.

பதக்கத்தின் கணக்கு இதற்கிடையில் வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. எண்டர்பிரைஸ் ஒருபோதும் ஒலிம்பிக் படகாக இருந்ததில்லை. 470 என்னும் இருவர் படகு 1976இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது, லேசர் 1996இல் நுழைந்தது, 49இஆர் என்னும் வேகமான இருவர் படகு 2000இல் நுழைந்தது. 1982இல் ஃபயர்பாலில் தங்கம் வென்ற தாராப்பூர், 1984, 1988, 1992 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் 470இல்தான் ஓட்டினார். ஒலிம்பிக் போக வேண்டுமானால் வேறு வழி இல்லை. ஆசியப் போட்டிகளின் பட்டியலும் மெல்ல ஒலிம்பிக் பட்டியலை ஒட்டியே அமைந்தது. விளையாட்டுக்கு அரசும் ராணுவமும் செலவிடும் பணம் பதக்கத்தைப் பின்தொடரும். புதுப் படகு வாங்கும் கோப்பில் ஆசியப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் இல்லாத ஒரு வகுப்பின் பெயரை எழுதி ஒப்புதல் வாங்குவது எந்த அதிகாரிக்கும் எளிதன்று. இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது. சென்னையிலிருந்து நேத்ரா குமணன் லேசர் ரேடியல் வகுப்பில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானதும், கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 49இஆரில் டோக்கியோ போனதும், மும்பையில் உள்ள ராணுவப் படகுப் பயிற்சி மையத்தில் உருவான விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோவில் ஆசிய வெண்கலம் வாங்கியதும் அந்தச் செலவின் பலன்களே. தமிழ்ச் செய்தித்தாள்கள் பாய்மரப் படகைப் பற்றி எழுதியவற்றில் பெரும்பங்கு இந்த நால்வரைப் பற்றியது.

விளைவு என்னவென்றால், ஒலிம்பிக் ஏணியில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் படகு இருக்கிறது. ஆப்டிமிஸ்டில் 15 வயதுக்கு மேல் ஓட்ட முடியாது. அதன்பின் இல்கா, அதில் தேசிய அணிக்குள் வராதவர்களுக்கு இருபத்தைந்து வயதில் என்ன படகு என்று கேட்டால் விடை இல்லை. அலுவலகம் போய்வந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்ட விரும்புகிறவர், நாற்பது வயதில் கற்றுக்கொள்ள விரும்புகிறவர், மகளைக் கூட்டிக்கொண்டு போக விரும்புகிற தந்தை ஆகியோருக்கும் விடை இல்லை. எண்டர்பிரைஸின் இடம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கற்றுக்கொடுப்பவரும் கற்பவரும் ஒரே படகில் உட்கார முடிவது சிறிய வசதி போலத் தெரியலாம். ஆனால் ஒற்றையாள் படகில் புதியவரை ஏற்றிவிட்டுத் துணைப்படகிலிருந்து கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒலிம்பிக் அந்தஸ்து போனால் வகுப்பு அழிந்தே தீரும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. வெளியே பார்த்தால் அப்படி இல்லை. நார்வேயின் யோஹான் ஆங்கர் 1929இல் வரைந்த டிராகன் படகு 1948 முதல் 1972 வரை ஒலிம்பிக்கில் இருந்து பிறகு நீக்கப்பட்டது. அது விலகிய அடுத்த ஆண்டே, 1973இல், மரப்படகின் வடிவமும் எடையும் மாறாமல் ஃபைபரில் கட்டிக்கொள்ள வகுப்பு விதிகள் இடம்கொடுத்தன. பழைய மரப்படகு வைத்திருந்தவருக்குத் தம் படகு ஒரே நாளில் பயனற்றதாகிவிட்டது என்ற மனக்குறை வரவில்லை, புதிதாக வருபவருக்கோ மரத்தைப் பேணும் தொல்லை இல்லை. ஐரோப்பாவில் டிராகன் இன்றும் பெரிய எண்ணிக்கையில் ஓடுகிறது. முன்பு சொன்ன டப்ளினின் வாட்டர் வேக் 1900இல் ஒருமுறை புது வடிவம் பெற்றது. வரைந்தவர் படகு கட்டுபவரின் மகள் மேமி டாயில். அந்தக் காலத்தில் ஒரு பெண் வரைந்த பந்தயப் படகு என்பதே தனிச் செய்தி. அந்த வடிவத்தில் இன்றும் புதுப்படகுகள் கட்டப்படுகின்றன, கோடைக்காலப் புதன்கிழமை மாலைகளில் டன் லேரி துறைமுகத்துக்குள் அவை போட்டியிடுகின்றன. வேலை முடிந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் ஓட்டிவிட்டுப் போகக்கூடிய நேரத்தை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு வகை மறுவாழ்வும் உண்டு. 1930களின் மாபெரும் ஜே வகுப்புப் படகுகளில் எஞ்சியிருந்த மூன்றையும் கோடிக்கணக்கில் செலவிட்டுச் சீராக்கி, அவற்றோடு போட்டியிடப் புதியவற்றையும் கட்டினார்கள். 2009இல் கட்டிய ஒன்றுக்கு அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர் 'ஹனுமான்' என்று பெயரிட்டார். பார்க்க அழகுதான். நமக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

நம்மிடம் உள்ள பழைய எண்டர்பிரைஸ் படகுகளின் நிலை என்ன? செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற சாப்பர் ஹவில்தார் ஒருவர், சொந்த ஊர் குடியாத்தம், படகு மரவேலை தெரிந்தவர். கொலாபாப் பக்கம் ஒரு கொட்டகையில் தார்ப்பாயின் கீழ்க் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு படகை அவர் பார்வையிட்டபோது உடனிருந்தேன். கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. வெள்ளை வண்ணம்கூடப் பெரிதாக உரிந்திருக்கவில்லை. அவர் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் கைப்பிடியால் படகின் முன்முனையான அணியத்திலிருந்து தொடங்கிச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். நடுப்பலகையில் டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்ட ஒலி, இரண்டு பலகைகள் சேரும் கீழ் மடிப்புக்கு வந்ததும் மங்கிப்போனது.

"கேட்டீங்களா தம்பி? உள்ள பிளை பிரிஞ்சிருச்சு. இதுக்கு மேல பெயின்ட் அடிச்சா போட்டோவுக்கு நல்லா இருக்கும், தண்ணிக்கு ஆகாது."

"கடல்தண்ணியில கெடந்ததாலயாண்ணே?"

"கடல்தண்ணி ஒண்ணும் பண்ணாது. நாலு மாசம் மழத்தண்ணி ஓரத்துல நின்னிருக்கு பாருங்க, அதான்."

அவர் சொன்னது சரி. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகளுக்கு உப்பு ஒத்துக்கொள்வதில்லை. நன்னீரும் வெப்பமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால்தான் அவை செழிக்கும். இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரை இவை மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. பலகையின் வெட்டுமுனையில் வண்ணம் தேய்ந்த இடத்தில் நீர் நுழைந்து, அடுக்குகளுக்கிடையே ஊறி, வெளியே எதுவும் காட்டாமல் உள்ளே பிரித்துவிடுகிறது.

பழுதுபார்க்கப் பிளைவுட் வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மரைன் பிளைவுட் என்று நம் கடைகளில் விற்பது ஐஎஸ் 710 என்னும் இந்தியத் தரம். கொதிநீரிலும் விட்டுப்போகாத பசை, நல்ல தரம்தான். ஆனால் அது பெரும்பாலும் கர்ஜன் மரத்தில் செய்யப்படுவதால் கனம் அதிகம். ஐரோப்பாவில் படகுக்குப் பயன்படுத்தும் ஒகூமே மரப் பிளைவுட் அதைவிட நன்றாக எடை குறைந்தது. சமையலறை அலமாரிக்குக் கனம் ஒரு பொருட்டில்லை. 94 கிலோவுக்கு வரையப்பட்ட படகில், இரண்டு பலகைகளை மாற்றி, மடிப்புகளுக்கு எபாக்ஸி என்னும் பசையும் கண்ணாடியிழை நாடாவும் பூசி முடிக்கும்போது எடை எங்கேயோ போய் நிற்கும். மெல்லிய காற்றில் அந்தக் கூடுதல் கிலோக்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் தெரியும். தோற்றுக்கொண்டே இருக்கும் படகை எவரும் இரண்டாம் ஆண்டு ஓட்ட மாட்டார்கள். ஆகையால் எல்லாப் பழைய படகுகளையும் காப்பாற்றுவோம் என்று கிளம்பாமல், தட்டிப் பார்த்து, எடை பார்த்து, தேறுகிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றிலிருந்து பாய்மரம், சுக்கான், சென்டர்போர்டு, பித்தளைச் சாமான்கள் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்வதே நல்லது. கேட்க மனம் வராது; வேறு வழியும் தெரியவில்லை.

புதிய படகு கட்டும் திறமை இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. திலீப் தோந்தேவும் பிறகு அபிலாஷ் டோமியும் தனியாளாக உலகைச் சுற்றிவந்த மாதேயி கோவாவில் கட்டப்பட்ட படகு. மரக்கூட்டின் மேல் எபாக்ஸியும் கண்ணாடியிழையும் சேர்த்துக் கட்டும் அந்த முறையில் 17 மீட்டர்ப் படகைக் கட்டத் தெரிந்த கரையில் 4 மீட்டர்ப் படகைக் கட்டுவது தொழில்நுட்பச் சிக்கல் ஆகாது. ஒரே ஒரு படகுக்காக அச்சு செய்யச் சொன்னால் எந்தப் பட்டறையும் முன்வராது, பத்துப் படகுக்கு உறுதி கொடுத்தால் வரும். கட்டி முடித்ததும் வகுப்பு விதிப்படி அளக்க வேண்டும். அளவுக் குறிப்புகளும் அளக்கும் வார்ப்புச் சட்டங்களும் தெரிந்த ஆள் நம்மிடம் இன்னும் இருக்கும்போதே அடுத்தவருக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிடுவது படகு கட்டுவதைவிட அவசரமான வேலை. அளப்பவர் இல்லாத ஊரில் ஆளுக்கொரு மாற்றத்தைச் செய்துகொள்வார்கள். மிடில்டன் 1887இல் எதை ஒழிக்க நினைத்தாரோ அது சிறிய அளவில் திரும்பிவிடும்.

மும்பையின் நீர் இந்தப் படகுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு, நேரம் பார்த்து ஓட்டினால் ஏற்றது என்பேன். அக்டோபர் முதல் மே வரை பிற்பகல்களில் வடமேற்கிலிருந்து கடற்காற்று ஒழுங்காக வீசும். துறைமுகம் நகருக்குக் கிழக்கே இருப்பதால் அந்தக் காற்று கொலாபாவின் கட்டடங்களைத் தாண்டித்தான் நீருக்கு வருகிறது. கேட்வே அருகே அது துண்டு துண்டாக, திசை மாறி மாறி வந்து புதியவர்களைக் குழப்பும், சற்றுக் கிழக்கே தள்ளிப் போனால் சீராகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால் ஓதநீரின் ஓட்டம் கடுமையாக இருக்கும். காற்று விழுந்துவிட்டால் துடுப்போடு அதை எதிர்த்து வருவது இயலாத காரியம், இழுத்து வரத் துணைப்படகு கட்டாயம் வேண்டும். போகும் விசைப்படகுகள் எழுப்பும் அலை வேறு. பின்காற்றில் ஓடும் எண்டர்பிரைஸை அந்த அலை பக்கவாட்டில் தொட்டால் மேலே சொன்ன உருளல் தொடங்கிவிடும். எனவே தொடக்கக் கோட்டைப் பயணிகள் படகுத் தடத்திலிருந்து விலக்கிப் போடுவதும், ஓட்டம் தணியும் அரைநிலாவை ஒட்டிய நாட்களைப் போட்டிக்குத் தேர்ந்தெடுப்பதும் வேண்டும். மழைக்காலத்தில் நீரில் இறங்க முடியாது. மாண்ட்வா படகுகளே நின்றுவிடும் மாதங்கள் அவை. அந்த மாதங்களில் படகுகளைத் தார்ப்பாய்க்குள் மூடி மறந்துவிடாமல், கூரைக்குக் கீழே, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமாகக் கவிழ்த்து வைக்க இடம் கிடைக்குமா என்பதில்தான் மரப்படகுகளின் ஆயுள் இருக்கிறது. தென் மும்பையில் இடம் கிடைப்பது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யார் ஓட்டப்போகிறார்கள் என்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. இந்த நகரத்தில் பாய்மரப் படகை அடையும் வாசல்கள் மிகச் சில. ஒன்று படைப்பிரிவின் வாசல், மற்றொன்று உறுப்பினர் கட்டணம் உள்ள கிளப்பின் வாசல். 1846இல் தொடங்கப்பட்ட ராயல் பாம்பே யாட் கிளப்பின் கட்டடத்தை அன்றாடம் கடந்து போகிற செம்பூர், சயான், தாராவித் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அந்த நீரில் தாமும் ஒரு படகு ஓட்டலாம் என்ற எண்ணமே தோன்றியிருக்காது. தோன்றினாலும் யாரைக் கேட்பது என்று தெரியாது. ஹைதராபாத்தின் உசேன் சாகர் ஏரியில் அங்குள்ள யாட் கிளப் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளை ஆப்டிமிஸ்டில் ஏற்றித் தேசியப் போட்டிகளில் வெற்றி பெறச் செய்துகொண்டிருக்கிறது. அது பதக்கப் பாதைதான் என்றாலும், படகு கிளப்பின் சொத்தாக இருந்தால் ஓட்டுகிறவர் பணக்காரராக இருக்கத் தேவையில்லை என்பதை அது காட்டிவிட்டது. எண்டர்பிரைஸுக்கும் அந்த முறைதான் பொருந்தும். தனியார் படகு வாங்கட்டும் என்று காத்திருந்தால் மூன்று படகு சேரும், அவற்றில் ஒன்று பழுதாக இருக்கும். பொதுப் படகாக ஆறு இருந்தால் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் நீரில் இருக்கலாம். முன்னிருக்கைக்குப் படகு தெரியாதவரும் போதும் என்பதால் அவர்களில் ஆறு பேர் அன்று காலைதான் முதன்முறையாகப் படகைப் பார்த்தவர்களாகக்கூட இருக்கலாம். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று இந்த நகரத்திலேயே தங்கிவிட்ட பழைய ஓட்டிகள் பின்னிருக்கைக்குக் கிடைப்பார்கள். கேட்டால் வருவார்கள் என்பதை அந்தக் குடியாத்தத்துக்காரர் முகத்திலேயே பார்த்தேன்.

ஆறு படகு சேரும் வரையிலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பல்வேறு வகுப்புகள் கலந்து ஓடும் போட்டியில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வேக எண் கொடுத்து, ஓடிய நேரத்தை அந்த எண்ணால் திருத்தி வரிசைப்படுத்தும் போர்ட்ஸ்மவுத் முறை நெடுங்காலமாக இருக்கிறது. அந்தக் கணக்கில் எண்டர்பிரைஸும் லேசரும் மிக நெருங்கியவை, திருத்தம் சொற்பமே. இரண்டு எண்டர்பிரைஸ் படகுகள் தேறினாலே ஞாயிற்றுக்கிழமை இல்காக்களுடன் அவற்றை இறக்கிவிடலாம். போகப்போக மரப்படகும் ஃபைபர் படகும் கலந்த ஆறு படகுகள் வந்த பிறகு, யாருக்குக் கனமான பழைய படகு விழுந்தது என்ற வழக்குக் கரையில் தினமும் நடக்கும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் இணைகள் அடுத்த படகுக்கு மாறிக்கொள்வது, ஆறு ஓட்டத்தில் எல்லாரும் எல்லாப் படகிலும் ஏறிவிடுவது என்று வைத்துக்கொண்டால் அந்த வழக்கும் தீர்ந்துவிடும்.